காட்சியும் கருதலும்

காணப்படுவதே உள்ளது, காணப்படாதது இல்லது என்பது உலகாயதர் கொள்கை. காட்சி ஒன்றே அளவையென்னும் அவர், கருதலை அளவையாகக் கொள்ளார். அக்கொள்கை எத்துணைத் தூரம் நிற்கும் என்பதை வானநூலாரின் ஆராய்ச்சி ஒன்றைக்கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

1918-இல் கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாய்வகத்து அறிஞர் ஹீபர் கர்ட்டிஸ், கன்னிராசித் திசையிலுள்ள எம்87 என்பதன் நடுவினின்று நேரிய கதிரொன்று புறப்படுதலைப் புகைப்படத்திற் கண்டார். கண்டதைச் சில சொற்களாற் குறித்தார், காரணம் கூறினாரில்லை. ஏதுவின்றித் துணிதலினும் வாளாவிருத்தல் நன்றென்று எண்ணினார் போலும். 1949-இல் ஆஸ்திரேலியாவில் போல்ட்டன் முதலிய மூவர், அத்திசையினின்று வரும் வலிய ரேடியோ அலைகள் எம்87-இலிருந்தே எழுவன எனக் கண்டனர். 1999-இல் ஏவப்பெற்று, தமிழ்மரபினராகிய சந்திரசேகரர் பெயர் தாங்கிய விண்கலம், அக்கதிர் எக்ஸ்-கதிர்களையும் வீசுதலைத் தெளிவுறக் காட்டிற்று. காந்தப்புலத்திற் சுழன்றோடும் எலெக்ட்ரான்களே இவற்றிற்கெல்லாம் காரணம்.

ஏறக்குறைய 5,000 ஒளியாண்டு நீளமுள்ள அத்தாரையைச் செலுத்துவது யாது? ஒளியையும் வெளிவிடாத கருந்துளை என்பர். ஒளிவிடாதது கண்ணுக்குப் புலனாதல் யாங்ஙனம்? புகைகண்டு தீயுண்மை துணிவார் போல, நடுவிடத்தைச் சுற்றும் வாயுவின் கடுவிரைவு கண்டு, 1994-இல் அதன் உண்மை துணிந்தனர்.

அற்றேல், 2019-இல் அதன் படமே வெளிவந்தமையால் அது காட்சியாயிற்றன்றோ எனின், அன்று. 2017-இல் உலகின் பலவிடத்துத் தொலைநோக்கிகள் ஏற்ற ரேடியோ அலைகளைக் கணக்கிட்டு இயற்றியதே அப்படம். அதில் உள்ளவை ஒளிவளையமும் அதன் நடுவே நிழலும். அந்நிழல் இன்னதன் நிழலென்று கூறுவது கருதலே. ஞாயிற்றினைப்போல் 650 கோடி மடங்கு நிறையுடையது அப்பொருள் என்பதும் கருதலாற் பெற்றதே.

காட்சி பொய்த்த இடமும் ஈண்டு உண்டு. அத்தாரையின் சில பகுதிகள் ஒளியினும் ஆறுமடங்கு விரைந்தோடுவனபோல் ஹப்பிள் தொலைநோக்கியிற் காணப்பட்டன. உண்மையில் அவை ஒளியின் விரைவினை அணுகி, நம் திசைநோக்கிச் சாய்ந்து வருவன. ஆதலின், பின்விட்ட ஒளி குறுகிய வழியில் வந்து, முன்விட்ட ஒளியை அடுத்தே சேர்கின்றது. நெடுங்காலத்து ஓட்டம் சிறிதுகாலத்ததுபோல் தோன்றுகின்றது. கண் மயங்கிற்று; கருதல் திருத்திற்று.

இதனால் இறையுண்மையே நிறுவப்பட்டதென மகிழும் அன்பரும் உளர். அது மிகை. கருந்துளையும் மாயையின் காரியமாகிய சடப்பொருளே. சடத்தின் செயல்கண்டு சடத்தைக் கருதியதே இங்கு நிகழ்ந்தது. உலகாயதருக்கு இதனாற் கூறும் விடை, கருதலும் அளவையே என்பதுமட்டும். அவ்வளவையால் அறிவுடைய முதல்வனைத் துணிதற்கு வேண்டும் ஏதுக்கள் வேறு.