இரண்டு தபோவனங்கள்

4,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிக்க நூறு டிகிரி வேண்டியதில்லை. 85 டிகிரி வாக்கிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிக்குமே தவிர அரிசி வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே சோறு கிடையாது. குக்கர் இருந்தாலும் அடுப்பு வெகுநேரம் எரிய வேண்டும். எனவே மலையேறுகிறவர்கள் தினமும் போடும் முதல் கணக்கு எரிபொருள் கணக்குதான். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு மண்ணெண்ணெய்.

பனியாற்றின் முகமான கோமுகத்துக்கு மேலே, சிவலிங் சிகரத்தின் காலடியில் விரியும் தபோவனப் புல்வெளியில் ஒரு புரட்டாசி மாலை அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். சிகரம் எதையும் தொடும் திட்டம் எங்களுக்கு இல்லை. கங்கோத்ரி பனியாற்றின் மேல் கயிறு கட்டி நடந்து பழக வந்திருந்தோம். தமிழர்கள் மூன்று பேர், கார்வால்காரரான வழிகாட்டி ஒருவர். ஐந்து லிட்டர் கேனில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது எண்ணெய். இன்னும் மூன்று நாள் பாக்கி.

"அண்ணே, இன்னிக்கு ராத்திரி டீ கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் ஆரல்வாய்மொழிக்காரர். காற்றாலைகளில் பராமரிப்பு வேலை செய்பவர். அந்தரத்தில் கயிற்றில் தொங்குவது அவருக்குப் பொழுதுபோக்கும் தொழிலும்.

"உன் காத்தாடியிலேருந்து ஒரு ஒயரு இழுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்றார் நெய்வேலி நண்பர். எங்களில் மூத்தவர். அப்பா மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"புரட்டாசி பொறந்தாச்சு. இனி காத்துக்கும் லீவுதான்."

"பாத்தியா? நீயே ஒத்துக்கிற. காத்து நின்னுச்சுன்னா வெயிலுங்கிற. வெயிலு போனா? ராத்திரி பத்து மணிக்கு ஊரே ஏசியைப் போடுறப்ப எங்க கரிதானே வரணும்?"

"அந்தக் கரியாலதான் அண்ணே இந்தப் பனி கரையுது."

"நீ இங்க நடந்தா வந்தே? சென்னையிலேருந்து டெல்லிக்கு எதுல வந்தே, சொல்லு."

அதோடு பேச்சு நின்றது. அடுப்பின் சீறல் மட்டும் கேட்டது.

இந்தக் கேள்வியை நான் பல கூடாரங்களில் கேட்டிருக்கிறேன். என்னையே பலர் கேட்டிருக்கிறார்கள். பனி உருகுவதைப் பற்றி எவர் வாயெடுத்தாலும், நீ எதில் வந்தாய், உன் சட்டை எதில் நெய்தது, உன் கயிறு எந்த எண்ணெயிலிருந்து வந்தது என்று கேட்டுவிடலாம். நைலான் கயிறு பெட்ரோலியத்தின் பிள்ளை. அதில் உயிரைத் தொங்கவிட்டுக்கொண்டு பெட்ரோலியத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நியாயமான கேள்விதான். பல ஆண்டுகள் அது என் வாயை அடைத்திருக்கிறது.

நெய்வேலி நண்பர் அதோடு விடவில்லை. உத்தரகாசியிலிருந்து கங்கோத்ரிக்கு வரும் வழியில் கைவிடப்பட்ட சுரங்க வாய்களைக் கடந்துவந்ததை நினைவூட்டினார். லோஹாரிநாக் பாலா, 600 மெகாவாட் நீர்மின் திட்டம். மலையைக் குடைந்து, பணத்தைக் கொட்டி, பிறகு 2010-ல் அரசே கைவிட்டது. பாகீரதி ஆறு ஓட வேண்டும் என்று ஜி. டி. அகர்வால் உண்ணாவிரதம் இருந்தார். ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்த பொறியாளர் அவர். 2018-ல் கங்கைக்காகவே மீண்டும் உண்ணாவிரதம் இருந்து, நூறு நாட்களுக்கு மேல் தாங்கி, அதிலேயே உயிரை விட்டார்.

"பெரிய மனுசர்தான், கும்பிட்டுக்கிறேன்" என்றார் நண்பர். "ஆனா அந்த 600 மெகாவாட்டை இப்ப எது குடுக்குது? எங்கயோ கரிதான் எரியுது. அந்தக் கரி இந்தப் பனியாத்தை உருக்குது. ஆத்தைக் காப்பாத்துறேன்னு ஆத்தோட தாயைக் கொல்றோமா இல்லையா?"

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. சூரிய மின்சக்தி நிறுவுதிறன் 2025 தொடக்கத்தில் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிய பிறகும் ராத்திரி என்ற ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மலையில் நீரைத் தேக்காமல் அந்த ராத்திரியை எப்படிக் கடப்பது என்பது கெட்ட எண்ணம் கொண்டவர்களின் கேள்வி அல்ல.

அப்போதுதான் வழிகாட்டி பேசினார். எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் லோஹாரிநாக், மெகாவாட் என்ற சொற்கள் அவர் காதில் விழுந்திருந்தன. ஜோஷிமட் பக்கத்துக்காரர். இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "தபோவன் என்றால் எனக்கு இந்த இடம் நினைவுக்கு வருவதில்லை. எங்கள் பக்கம் இன்னொரு தபோவன் இருக்கிறது."

அந்தத் தபோவனத்தை நாடே 2021 பிப்ரவரி 7 ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டது. அன்று காலை ரோந்தி சிகரத்தின் வடமுகத்தில், ஏறக்குறைய 5,500 மீட்டர் உயரத்தில், பாறையும் பனியும் சேர்ந்த ஒரு பெரும்பாளம் கழன்று விழுந்தது. பிறகு அளந்தவர்கள் சுமார் 2.7 கோடி கன மீட்டர் என்றார்கள். விழுந்த வேகத்தில், உராய்வின் சூட்டிலேயே அதிலிருந்த பனி ஏறக்குறைய முழுவதும் உருகிவிட்டது. பாறை சேறானது. அந்தச் சேறு ரிஷிகங்காவில் இறங்கி 13.2 மெகாவாட் மின்நிலையத்தைத் துடைத்துக்கொண்டு, தவுலிகங்காவில் பாய்ந்து, தபோவனத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 520 மெகாவாட் திட்டத்தின் மேல் ஏறியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலும் தொழிலாளிகள். சுரங்கத்துக்குள் வேலையில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு.

இந்தச் சரிவைப் புவி சூடாவதன் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆய்வாளர்களே அதை எச்சரிக்கையோடுதான் எழுதினார்கள். ஆனால் உயரத்துப் பாறைப் பிளவுகளைப் பனிதான் சிமெண்டுபோலப் பிடித்துவைத்திருக்கிறது என்பதும், சூடேற அந்தப் பிடி தளரும் என்பதும் மலையேறுகிற எவருக்கும் தெரியும். கல் உருளும் நேரம் பார்த்துத்தானே விடிவதற்கு முன் கிளம்புகிறோம்! பனியாறு பின்வாங்கிய பள்ளத்தாக்கில் அது விட்டுப்போன கல்லும் மண்ணும் கட்டற்றுக் கிடக்கும். ஒரு பெருமழை போதும், எல்லாம் கீழே வந்துவிடும். 2013 கேதார்நாத் வெள்ளத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் ரவி சோப்ரா தலைமையில் ஒரு குழு அமைந்தது. பனியாறுகளுக்கு அடுத்துக் கீழே உள்ள அந்த உயரத்துப் பள்ளத்தாக்குகளில் நீர்மின் திட்டம் வைப்பது ஆபத்து என்று அந்தக் குழு 2014-லேயே சொல்லியிருந்தது. மலை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கே விழும் என்று சொல்லப்பட்டிருந்தது.

ரிஷிகங்காவின் கரையில் இருக்கிறது ரைணி கிராமம். 1974 மார்ச் 26 அன்று கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் காத்து நின்ற அதே ரைணி. வெள்ளத்துக்குப் பிறகு அவ்வூரில் சிலர் வேறொரு சந்தேகத்தையும் சொன்னார்கள். அது மலையேறிகள் சம்பந்தப்பட்டது. சீனா 1964-ல் முதல் அணுகுண்டைச் சோதித்தது. அடுத்த ஆண்டே, சீனச் சோதனைகளை வேவு பார்க்கும் கருவியை நந்தா தேவியின் உச்சியில் வைக்க இந்திய, அமெரிக்க மலையேறிகள் சேர்ந்து ஏறினார்கள். அந்தக் கருவிக்கு மின்சாரம் தர புளூட்டோனியம் வைத்த மின்கலம். புயல் வந்தது. அதை மேலேயே கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். 1966-ல் போய்ப் பார்த்தபோது இல்லை. அது இன்றுவரை கிடைக்கவில்லை. 1978-ல் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டார். வெள்ளத்துக்கு அந்தக் கருவி காரணமில்லை. ஆனால் சந்தேகப்பட்ட கிராமத்தாரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. அவர்களுடைய நதியின் தலைமாட்டில், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தொலைவில் இருந்தவர்கள் தங்கள் தேவைக்காக ஒரு மின்கலத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். சுமந்து போனவர்கள் எங்களைப் போன்ற மலையேறிகள்.

வழிகாட்டி சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னபோது நெய்வேலி நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே, தன் ஊரைப் பற்றிச் சொன்னார். "எங்க ஸ்கூல் பஸ் போற ரோட்டுக்கு அந்தப் பக்கம் முன்னாடி ஒரு ஊரு இருந்துச்சு. அப்பா காட்டுவாரு. இங்கதான் கோயிலு, இங்கதான் கொளம்னு. நான் பாக்குறப்ப பெரிய பள்ளம்." 2023-ல் வளையமாதேவியில், சுரங்கத்துக்கான கால்வாய்க்காகக் கதிர் வர இருந்த நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை அவர் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். வீட்டில் சொல்லவில்லையாம். "அப்பா சோறு போட்ட எடம். என்னன்னு சொல்றது?"

காற்றாலைக்காரரும் தன் பங்குக்குச் சொன்னார். "எங்களுதும் சுத்தம் இல்லண்ணே. பழைய இறக்கையைக் கழட்டிப் போட்டா உருக்கவும் முடியாது, மக்கவும் மக்காது."

ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருந்த பேச்சு அந்த இரவில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. யாரும் கட்சி மாறவில்லை. நெய்வேலிக்காரர் நிலக்கரியை விட்டுக்கொடுக்கவில்லை, காற்றாலைக்காரர் காற்றை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வழிகாட்டியையும் சேர்த்து மூவரும் தாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். எதில் வந்தாய் என்ற கேள்வியை அதன் பிறகு யாரும் எழுப்பவில்லை.

தூக்கம் பிடிக்காத அந்தக் குளிரில் ஜான் டின்டாலை நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேர்ந்த மலையேறிகளில் ஒருவர் அவர். ஆல்ப்ஸில் 4,506 மீட்டர் உயரமுள்ள வைஸ்ஹார்ன் சிகரத்தில் 1861-ல் முதன்முதலாகக் கால் வைத்தவர். கோடையில் பனியாறுகள் நகர்வதை அளப்பார். மற்றக் காலங்களில் லண்டனில் ஆய்வுக்கூடம். நீராவியும் கரியமில வாயுவும் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன என்பதை 1859-ல் கருவி வைத்து அளந்து காட்டினார். இன்று நாம் பேசும் காலநிலை அறிவியலின் அடித்தளங்களில் ஒன்று அந்த அளவீடு. அந்த மனிதர் லண்டனிலிருந்து ஆல்ப்ஸுக்கு எதில் போனார்? நிலக்கரி எரித்த ரயிலிலும் நீராவிக் கப்பலிலும்தான். அதனால் அவர் அளந்தது பொய்யாகிவிடவில்லை.

நிரபராதிக்கு மட்டுமே பேச உரிமை என்றால் இந்த விஷயத்தில் பேச ஒருவரும் மிஞ்சமாட்டோம். சாட்சி சொல்கிறவர் குற்றமற்றவரா என்பதல்ல, அந்த இடத்தில் இருந்தாரா என்பதே முதல் கேள்வி. மின்சாரத்தின் வசதியே, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை அனுபவிக்கலாம் என்பதுதான். மின்கட்டண அட்டையில் யூனிட் இருக்கும், தொகை இருக்கும். எந்த ஊரின் குளம், எந்தச் சுரங்கத்தில் யாருடைய மகன் என்று இருக்காது. சுவிட்சைப் போடுகிற இடமும் விலை கொடுக்கிற இடமும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. இரண்டையும் நடந்து கடக்கிறவர்கள் மிகச் சிலர். ஆட்டிடையர்கள், சுமைதூக்கிகள், சுரங்கத் தொழிலாளிகள், ஆண்டில் பத்து நாள் வந்துபோகும் எங்களைப் போன்றவர்கள். கொள்கை எழுதும் மேசையில் இவர்களில் யாருக்கும் நாற்காலி கிடையாது. எனவே பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் நாங்கள் செய்யக்கூடிய உண்மையான குற்றம். எரித்த பெட்ரோலைவிடப் பெரிய குற்றம் அது என்றே நான் நினைக்கிறேன்.

மறுநாள் வழிகாட்டி பனியாற்றில் பாதையைத் தேடித்தேடிக் கூட்டிப்போனார். ஒவ்வொரு ஆண்டும் பாதை மாறுகிறதாம். கங்கோத்ரி பனியாற்றின் முகம் கடந்த பல பத்தாண்டுகளாக ஆண்டுக்கு 15 முதல் 20 மீட்டர் வரை பின்வாங்கி வந்திருப்பதாக அளந்தவர்கள் சொல்கிறார்கள். கோமுகத்தில் அதன் அர்த்தம், சென்ற முறை நின்று தண்ணீர் அள்ளிய பாறை இப்போது பனியிலிருந்து விலகித் தனியே நிற்பது.

இறங்கும் வழியில் போஜ்பாசா. போஜ மரங்கள் வாழும் இடம் என்று பொருள். ஒரு காலத்தில் ஏடாகப் பயன்பட்ட பூர்ஜபத்திரம் இந்த மரத்தின் பட்டைதான். அந்தப் பேர்கொண்ட இடத்தில் மரங்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின. யாத்திரிகர்களும் மலையேறிகளும் டீ போடவும் குளிர் காயவும் வெட்டி எரித்தார்கள். நிலக்கரி நிறுவனமோ அணைக்கட்டோ அல்ல, நாங்கள்தான். எங்கள் அடுப்புக்கு எரிபொருளாகப் போன காடு அது.

அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகாத ஒருவர் ஹர்ஷவந்தி பிஷ்ட். 1981-ல் நந்தா தேவியின் பிரதான சிகரத்தில் ஏறியவர், பொருளாதாரப் பேராசிரியர். 1990களில் சீர்பாசாவில் நாற்றங்கால் போட்டு, போஜ்பாசாவில் வேலி கட்டிக் கன்றுகள் நட்டார். 2021-ல் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் முதல் பெண் தலைவரானார். அந்த உயரத்தில் போஜ மரம் மிக மெதுவாகத்தான் வளரும். மனித ஆயுளுக்குள் காடாகிவிடும் என்று எதிர்பார்த்து யாரும் அதை நட முடியாது. இன்று கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் விறகு எரிக்க அனுமதி இல்லை.

தமிழர்கள் பலர் கங்கோத்ரிக்குப் போகிறார்கள். கோமுகம் வரை நடக்கிறவர்கள் போஜ்பாசாவில் அந்த வேலிக்கு அருகே கொஞ்ச நேரம் நில்லுங்கள். கன்றுகளைத் தொட வேண்டாம், பட்டையை உரிக்க வேண்டாம். ஊருக்குத் திரும்பியதும் பார்த்ததை நாலு பேரிடம் சொல்லுங்கள். எதில் போனாய் என்று கேட்பார்கள். விமானத்தில் போனேன் என்று சொல்லிவிட்டு, மேலே சொல்லுங்கள்.