வேற்றூரில் தலை கொடுத்தல்

பிறந்த ஊரை விட்டு வேறோர் ஊரில் வாழ நேர்ந்தவர், வாடகை வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் காய்ச்சலுக்கு மருத்துவரும் தேடிக்கொண்ட பிறகும், முடி திருத்துபவர் ஒருவரைத் தேர்ந்துகொள்வதை மட்டும் நெடுநாள் தள்ளிப்போடுகிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிக்கொள்வதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. முன்பின் அறியாத ஒருவர் முன் கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, தலையை ஒப்படைப்பதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை வேற்றூரில் எதன் மீது கட்டப்படுகிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்க கேள்வி.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொண்டால், வேற்றூராருக்கும் தலைமுடிக்கும் உள்ள உறவுக்கு அங்கே பழைய வேர் உண்டு. திருவிதாங்கூர்க் காலத்தில் நம்பூதிரிகளும் நாயர்களும் முடியை முன்பக்கம் வளர்த்து நெற்றியோரம் முடிந்துகொண்டனர். இது முன்குடுமி எனப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் குடியேறிய பிராமணர்கள் பின்குடுமி வைத்திருந்தனர். ஆகவே ஒருவர் உள்ளூர்க்காரரா, வெளியிலிருந்து வந்தவரா என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே குடுமி சொல்லிவிட்டது. குடுமிகள் மறைந்தன, வருவோர் குறையவில்லை. 1963இல் நகரை அடுத்த தும்பாவில் முதல் ராக்கெட் ஏவப்பட்ட பிறகு விண்வெளி ஆய்வும், 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கின் கணினி வேலைகளும் பல ஊர்க்காரர்களை இந்நகரத்துக்குக் கொண்டுவந்தன.

இவ்வாறு வருவோரிடம் சில மாதங்களில் எழும் புலம்பல் ஒன்றே: தண்ணீர் சேரவில்லை, முடி கொட்டுகிறது. ஆனால் திருவனந்தபுரம் நகரக் குழாய்களில் வருவது பெரும்பாலும் அருவிக்கரை அணையில் தேக்கப்படும் கரமனை ஆற்று நீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையே ஆறாக வருவதால் சுண்ணாம்பும் மக்னீசியமும் குறைந்த மென்னீர் அது. சென்னையின் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் பல ஆண்டு குளித்தவருக்கு இந்த இடமாற்றத்தால் தண்ணீர் மேம்பட்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அப்படியும் முடி உதிர்கிறதென்றால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

மனிதத் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் வளர்ச்சியின்றி ஏறத்தாழ 3 மாதங்கள் வேரில் தங்கி, அதன் பிறகு உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, உணவுக் குறைவு, பெரும் மன உளைச்சல் ஆகியவற்றில் ஒன்று நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் வழக்கத்தைவிட மிகுதியானவை ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் சேர்ந்து கொட்டுகின்றன. மருத்துவர்கள் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்பர். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையோடு ஜூனில் பெட்டி படுக்கையுடன் வந்திறங்கி, உறக்கமும் உணவும் குலைந்து தவித்தவருக்கு ஓணம் நெருங்கும்போது முடி உதிரலாம். கண்ணெதிரே இருப்பது தண்ணீர் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. மூன்று மாதம் முன்பு பட்ட துயரம் நினைவில் இருப்பதில்லை.

இந்த நிலையில்தான் அவர் அழகு நிலையத்தின் படியேறுகிறார். இத்தகைய உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். ஆயினும் இடையில் செய்துகொண்ட சிகிச்சைக்கே அந்தப் பெருமை போய்ச் சேர்கிறது. அடங்காவிட்டால் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் உண்டா என்று சோதித்தறியத் தோல் மருத்துவர் வேண்டும். அழகு நிலையத்தால் அது இயலாது. அங்கு கிடைப்பவை ஸ்ட்ரெய்ட்னிங், ஸ்மூத்னிங், கெராட்டின் போன்றவை. முடியின் புரதமான கெராட்டினில் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து முடியின் வடிவத்தைத் தாங்குகின்றன. ஸ்ட்ரெய்ட்னிங் என்பது அந்த இணைப்புகளை வேதிப்பொருளால் அறுத்து, முடியை நேராக்கி, வேறொரு பொருளால் மீண்டும் இணைப்பது. கெராட்டின் என்ற பெயரில் பூசப்படும் கலவைகள் சிலவற்றில் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவருகிறது. இது மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலமும் ஐயத்துக்கு உரியதே: இத்தகைய சிகிச்சையை மூன்று முறை செய்துகொண்ட இளம்பெண் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

கேரளத்தின் பழைய தலைப் பராமரிப்பு வேறு வகையானது. தேங்காய் எண்ணெயில் மூலிகைகளைக் காய்ச்சி வடித்த காச்சிய எண்ணெய், செம்பருத்தி இலையை நீரில் கசக்கி எடுத்த கொழகொழப்பான தாளி, குளித்தபின் உச்சியில் தேய்க்கும் ராஸ்னாதிப் பொடி, நெல்லிக்காயை மோரில் வேகவைத்து அரைத்துத் தலையில் அப்பி இலையால் மூடிக் கட்டும் தலபொதிச்சில் ஆகியவை அதில் அடங்கும். நல்லெண்ணெயும் சீயக்காயும் அறிந்த தமிழருக்கு இவை அயலானவை என்று தோன்றா. இவை உதிர்ந்த முடியை முளைக்கச் செய்யும் என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் தலையில் வைக்கப்படுவது இன்னதென்று வைப்பவரும் வைத்துக்கொள்பவரும் ஒருங்கே அறிந்திருந்தனர் என்பது மதிக்கத் தக்கது.

அந்த அறிவுதான் இன்று அறுந்திருக்கிறது. மொழி அதை மேலும் அறுக்கிறது. முடி என்ற சொல் இரு மொழிக்கும் பொதுவாயினும், தமிழின் பொடுகு மலையாளத்தில் தாரன் ஆகிறது, முடி உதிர்வு முடிகொழிச்சில் ஆகிறது. பாதி புரிந்த பேச்சுக்குத் தலையாட்டுவது வேற்றூராரின் இயல்பு. நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது அந்தத் தலையாட்டலே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம்பிக்கை என்பது கேள்வி கேளாமல் இருப்பது என்று அவர் எண்ணுகிறார். கேட்டறிந்த பின் வருவதே நிலைக்கும் நம்பிக்கை.

வேற்றூரில் வாழ்பவர் முதல் சில மாதங்கள் தம் தலைக்குப் பொறுமையைத் தரட்டும். உணவும் உறக்கமும் ஊரோடு ஒட்டும்போது முடியும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகும் அழகு நிலையத்துக்குப் போக விரும்பினால், போவதில் குற்றமில்லை. ஆனால் தலையைச் சாய்ப்பதற்கு முன் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, உள்ளூர் மொழியில் ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு கேட்கட்டும்: "இதில் எந்தொக்கெயுண்டு?" இதில் என்னென்ன இருக்கின்றன என்பது அதன் பொருள். விடை சொல்ல இயலாத கையில் தலையைக் கொடுக்க வேண்டாம்.