கேள்வியில் விட்ட கட்டங்கள்

2004 டிசம்பர் 26 அன்று, இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடம் 53 விநாடிக்கு, வட சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. சில மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டம்தான் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது. அந்த நிலநடுக்கத்தின் நேரம், இடம், ஆழம், அளவு எல்லாம் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் சர்வரில் இன்றும் பதிவாக இருக்கின்றன. அவற்றைப் பெறக் கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், கட்டணமும் இல்லை. பைத்தானில் ஐந்தாறு வரி எழுதத் தெரிந்தவர் எவரும் கேட்டு வாங்கலாம்.

இப்படிக் கேட்க வழி செய்யும் பொது வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். ஒரு இணையதளம் மனிதக் கண்ணுக்காகப் பக்கத்தை அலங்கரித்துத் தருகிறது. ஏபிஐ நிரலுக்காகத் தரவை மட்டும் தருகிறது. கேள்வி போகும் வழி, நாம் பிரவுசரில் தட்டும் அதே முகவரி வழிதான். முகவரியின் முதல் பாதி எந்தச் சேவை என்று சொல்லும். கேள்விக்குறிக்குப் பின் வரும் பாதியில் நம் நிபந்தனைகள் இருக்கும்: எந்த வடிவில் வேண்டும், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, குறைந்தது எவ்வளவு அளவு. நிலநடுக்கச் சேவையில் இவற்றுக்கு ஃபார்மட், ஸ்டார்ட்டைம், எண்ட்டைம், மின்மேக்னிட்யூட் என்று பெயர். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிடம் இந்தப் பெயர்களையும் மதிப்புகளையும் ஒரு டிக்‌ஷனரியாகக் கொடுத்தால் முகவரியை அதுவே கோத்துக்கொள்ளும்.

இதுவரை எளிது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கவனம் வேண்டியது இதற்கு அடுத்த அடுக்கில். ஒரு விண்ணப்பப் படிவத்தில் நாம் காலியாக விட்ட கட்டங்களை எதிரில் இருப்பவர் தம் வழக்கப்படி நிரப்பி, நம்மிடம் சொல்லாமலே மேலே அனுப்பிவிட்டால் எப்படியோ, ஏபிஐயும் அப்படித்தான். நாம் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் அதனிடம் ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது.

தொடக்க நாளைக் குறிக்காமல் விட்டால், இந்தச் சேவை கடந்த 30 நாட்களை மட்டும் தரும். "சுமத்ராவுக்கு அருகில் 7-க்கு மேல்" என்று மட்டும் கேட்டவருக்குப் பெரும்பாலும் வெறும் பட்டியலே வரும். அதைப் பார்த்து அங்கே பெரிய நடுக்கமே வந்ததில்லை என்று நினைத்தால், அந்த முடிவுக்குச் சர்வர் பொறுப்பாகாது. எந்த வகை நிகழ்வு என்று குறிக்காமல் விட்டால், நிலநடுக்கத்தோடு கல்குவாரி வெடிப்புகளும் சேர்ந்து வரும். நிலம் அதிர்ந்ததெல்லாம் அந்தப் பதிவேட்டில் நிகழ்வுதான். குறைந்த அளவு 0 என்று போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று தோன்றும். வராது. மிகச் சிறிய அதிர்வுகளின் அளவு எதிர்ம எண்ணாகவும் இருக்கும், அவை உதிர்ந்துவிடும்.

நேரம் இன்னும் நுட்பமானது. மண்டலத்தைச் சொல்லாவிட்டால் சேவை எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொள்ளும். நமக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். "டிசம்பர் 26 முதல் 27 வரை" என்று கேட்டால், கிடைப்பது நம் 26-ஆம் தேதி காலை 5.30 முதல் மறுநாள் காலை 5.30 வரை. மண்டலத்தைச் சேர்த்து +05:30 என்று எழுதலாம். ஆனால் முகவரியில் கூட்டல் குறியை அப்படியே எழுதினால் பல சர்வர்கள் அதை இடைவெளியாகப் படித்துவிடும். டிக்‌ஷனரியாகக் கொடுத்தால் ரிக்வெஸ்ட்ஸ் அதைச் சரியான குறியீடாக மாற்றி அனுப்பும். முகவரியைக் கையால் ஒட்டாமல் லைப்ரரியிடம் விடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

கேள்வி போனதும், பதிலுக்கு முன்னால் ஒரு மூன்றிலக்க எண் வரும். 200 என்றால் ஏற்றுக்கொண்டது. 400 என்றால் கேள்வியில் பிழை. 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறோம். 500 அல்லது அதற்கு மேல் என்றால் கோளாறு அவர்கள் பக்கம். ரிக்வெஸ்ட்ஸ் இந்த எண்ணைப் பார்த்துத் தானாக நிற்காது. பிழைச் செய்தியையும் தரவைப் போலவே கையில் கொடுத்துவிடும். ரெய்ஸ்ஃபார்ஸ்டேட்டஸ் என்ற ஒரு வரியைச் சேர்த்தால்தான் நிரல் பிழையில் நிற்கும். காத்திருப்பு நேரமும் அப்படியே: டைம்அவுட் தராவிட்டால், பதில் சொல்லாத சர்வருக்காக நிரல் முடிவில்லாமல் காத்துக் கிடக்கும்.

அடுத்து, பதிலின் உடல். இடத் தரவுக்கான ஜியோஜேசன் வடிவில் கேட்டால், ஒவ்வொரு நிலநடுக்கமும் ஒரு சிறு தொகுப்பாக வரும். சுமத்ரா பதிவில் இடத்துக்கு நேரே மூன்று எண்கள்: 95.982, 3.295, 30. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். ஜியோஜேசனில் தீர்க்கரேகைதான் முதலில், பிறகு அட்சரேகை. மூன்றாவது எண் இங்கே கிலோமீட்டரில் ஆழம். வரிசையை மாற்றிப் படித்தால் அட்சரேகை 90-ஐத் தாண்டி, சுமத்ராக் கடல் பூமியிலேயே இல்லாத இடத்துக்குப் போய்விடும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும். இரண்டு ரேகைகளும் நெருங்கிய எண்களாக உள்ள ஊர்களில் இதே பிழை தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

நேரம் 1104022733450 என்று ஒரே எண்ணாக வரும். 1970 ஜனவரி 1 தொடங்கி ஓடிய மில்லிவிநாடிகள் இவை. பைத்தானின் நேரக் கருவி விநாடிகளை எதிர்பார்ப்பதால் ஆயிரத்தால் வகுத்துக் கொடுக்க வேண்டும், மண்டலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது 00:58:53 என்ற பொது நேரமும், அதிலிருந்து நம் 6:28:53-உம் கிடைக்கும்.

பெயரை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ள முடியாத கட்டங்களும் உண்டு. சுனாமி என்றொரு கட்டம் 0 அல்லது 1 என்று வரும். 1 என்றால் கடற்பகுதியில் நேர்ந்த பெரிய நடுக்கம் என்றுதான் பொருள். அலை எழுந்தது என்று பொருளில்லை என ஆய்வகத்தின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. 1-களை எண்ணி "இத்தனை சுனாமிகள்" என்று எழுதுபவர் நடக்காத பேரிடர்களை எண்ணிக்கொண்டிருப்பார். நடுக்கத்தை உணர்ந்ததாகத் தெரிவித்தவர்களின் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் தெரிவிக்காதபோது அது வெறுமையாக வரும். தெரிவிக்கவில்லை என்பதை உணரவில்லை என்று படித்து, சுழியமாக மாற்றிச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை.

எல்லாவற்றிலும் ஆழமான அடுக்கு, பதிவேட்டின் எல்லை. இந்த ஆய்வகம் அமெரிக்காவுக்குள் சிறிய நடுக்கங்களையும் பதிகிறது. உலகின் மற்றப் பகுதிகளில் ஏறத்தாழ 4.5-உம் அதற்கு மேலும்தான் ஒழுங்காகப் பதிவாகின்றன. 2-க்கு மேற்பட்டதெல்லாம் வேண்டும் என்று வாங்கி உலக வரைபடத்தில் புள்ளி வைத்தால் கலிபோர்னியா கருத்துக் கிடக்கும், இந்தியா வெளிறித் தெரியும். அங்கே நிலம் அதிகம் அசைவது ஓரளவு உண்மை. ஆனால் அந்தக் கருமையில் பெரும்பங்கு அங்கே கருவிகள் நெருக்கமாக இருப்பதால் வந்தது. நாடுகளை ஒப்பிட வேண்டுமானால், எல்லா இடத்திலும் சமமாகப் பதிவாகும் அளவுக்கு வரம்பை உயர்த்த வேண்டும். இந்தியாவின் சிறு நடுக்கங்களுக்கு நம் தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் பதிவுகளைத் தேட வேண்டும். நிரலில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் தவறான முடிவுக்கு வந்து சேரும் இடம் இதுதான்.

கேட்பதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 20,000 பதிவுகள். மீறினால் 400 வரும். எனவே முதலில் எண்ணிக்கையை மட்டும் தரும் கவுண்ட் வழியில் கேட்டுப் பார்த்து, அதிகமானால் மாதவாரியாகப் பிரித்து வாங்குவது முறை. வந்த பதிலை வட்டில் சேமித்துவிட்டால், வரைபடத்தின் நிறத்தை மாற்றும்போதெல்லாம் சர்வரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

சேமிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பதிவுகள் மாறும். 2004-இல் முதல் சில நிமிடங்களில் வந்த மதிப்பீடு 8-ஐ ஒட்டியே இருந்தது. நீண்ட அலைகளை ஆராய்ந்த பிறகே அது 9.1-க்கு உயர்ந்தது. இன்றைய பதிவுகளிலும் தானியங்கியா, நிபுணர் சரிபார்த்ததா என்று ஒரு கட்டமும், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று இன்னொரு கட்டமும் உள்ளன. இன்று வாங்கிய எண்ணும் அடுத்த மாதம் வாங்கும் எண்ணும் வேறாக இருக்கலாம். இரண்டும் வாங்கிய நாளில் சரியானவையே.

ஆகவே ஒரு ஆய்வுக்கோ செய்திக்கோ தரவு எடுப்பவர் மூன்றைச் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்: எந்தக் கட்டத்தையும் சேவையின் வழக்கத்துக்கு விடாமல் முழுதும் நிரப்பிய கேள்வி, அதைக் கேட்ட நாள், திருத்தாத மூலப் பதில். கையால் பதிவிறக்கிய கோப்பில் எண்கள் மட்டுமே மிஞ்சும். நிரலில் கேள்வியும் மிஞ்சுகிறது. நம் முடிவை ஐயுறும் ஒருவர் அதே கேள்வியைத் தாமும் கேட்டுப் பார்க்க முடியும். அளவு வரம்பை மாற்றி, நாட்களை மாற்றி, நாம் எங்கே சறுக்கினோம் என்று காட்டவும் முடியும். வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும்போது, நம் கேள்வியையும் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதுதான் பொதுத் தரவுக்கு நாம் செலுத்த வேண்டிய ஒரே கட்டணம்.