நோவு தணிந்து எழும் நாட்கள்



பெத்சாயிதா ஊரிலே குருடன் ஒருவனை ஆண்டவரிடம் கொண்டுவந்தார்கள். ஆண்டவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச்சென்று, அவன் கண்களில் உமிழ்ந்து, தம் கைகளை அவன்மீது வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். மனிதர் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடப்பதுபோலத் தெரிகிறார்கள் என்றான் அவன். மறுபடியும் ஆண்டவர் அவன்மீது கைகளை வைத்தார். அதன் பின்னரே அவனுக்குத் தெளிவான பார்வை கிடைத்தது (மாற்கு 8:22-26).

ஒரு சொல்லால் இலாசரை எழுப்பியவர் இந்த ஏழைக்கு மட்டும் ஏன் இரண்டு தரம் கை வைத்தார் என்பதற்கு வேத வல்லுநர்கள் பல விளக்கம் தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு அந்த மனிதனின் பதிலைக் கவனியுங்கள். குணமாக்கியவரின் மனம் நோகக்கூடாதே என்று, ‘எல்லாம் நன்றாகத் தெரிகிறது’ என அவன் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னான். ஆண்டவரும் அவனுக்கு விசுவாசம் போதாது என்று கடிந்துகொள்ளவில்லை.

நீண்டகால நோவுக்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் பலருடைய நிலை, இரண்டாம் தரம் கை வைக்கப்படுவதற்கு முன் அவன் இருந்த நிலைதான். அப்படியான ஒரு சிகிச்சையைப் பற்றியும், அதன் பின்வரும் நாட்களில் வீட்டார் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியும் இவ்வாரம் சிந்திப்போம்.

மருந்துக்கும் முந்திய அறுவைச் சிகிச்சைகளுக்கும் கட்டுப்படாத முதுகு நோவு, கால் நரம்பு நோவு ஆகியவற்றுக்கு, உடலுக்குள்ளே ஒரு சிறிய மின்கருவியைப் பொருத்தும் முறை இன்று கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் கையாளப்படுகிறது. எம்மவர் ஏராளமாய்க் குடியேறிய நாடுகள் அவை. ‘அம்மாவின் முதுகிலே மிசின் வைக்கப் போகிறார்கள்’ என்ற செய்தி தொலைபேசி வழியே எமது வீடுகளுக்கும் வந்து சேரலாம். கேட்பவர் திகைத்துப் போவதும் இயல்பே.

அது என்ன கருவி? குழந்தை விழுந்து முழங்காலில் அடிபட்டால் தாய் ஓடிவந்து அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறாள். குழந்தையின் அழுகை தணிகிறது. இது வெறும் ஆறுதல் அன்று. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வால் என்னும் இரு அறிஞர்கள், முண்ணாணிலே ஒரு வாசற்கதவு போன்ற அமைப்பு உண்டென்றும், தொடுகையைச் சுமந்துவரும் நரம்புகள் தூண்டப்படும்போது நோவைச் சுமந்துவரும் செய்திக்கு அக்கதவு சாத்தப்படுகிறது என்றும் கருத்து வெளியிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சி அதிலே பல திருத்தங்களைச் செய்துள்ளது. எனினும் அந்தக் கருத்தை வைத்தே 1967இல் அமெரிக்க வைத்தியர் நோர்மன் ஷீலி, புற்றுநோயால் வருந்திய ஒருவருக்கு முதன்முதலாக இத்தகைய கருவியைப் பொருத்தினார். முள்ளந்தண்டினுள்ளே, முண்ணாணின் உறைக்கு வெளிப்புறமாக மெல்லிய கம்பிகளை வைத்து, மறுமுனையைத் தோலின்கீழாகக் கொண்டுவந்து, இடுப்பின் பின்புறத்திலோ வயிற்றோரத்திலோ தோலுக்குள் புதைக்கப்படும் சிறிய மின்கலப் பெட்டியோடு இணைப்பார்கள். பெட்டி அனுப்பும் மெல்லிய மின்துடிப்பு நோவின் குரலை அமர்த்துகிறது. தாயின் கை செய்த வேலையை ஒரு கம்பி செய்கிறது எனலாம்.

எடுத்த எடுப்பிலே இதை நிரந்தரமாகப் பொருத்துவதில்லை. முதலில் சில நாட்கள், அல்லது ஒரு வாரமளவில், பெட்டியை உடலுக்கு வெளியே வைத்துப் பரீட்சித்துப் பார்ப்பார்கள். நோவு ஏறக்குறையப் பாதியாவது குறைந்தால்தான் பொதுவாக அடுத்த படிக்குச் செல்வார்கள். பாதி! முழுச் சுகத்தை வைத்தியரே வாக்களிப்பதில்லை என்பதை வீட்டார் தொடக்கத்திலேயே மனதில் இருத்த வேண்டும். நோவின் காரணத்தை இக்கருவி மாற்றுவதில்லை. நோவைத் தணிக்கிறது, அவ்வளவே.

இவ்விடத்தில் பக்தியுள்ள சிலர் ஒரு கேள்வி எழுப்புவார்கள். ஆண்டவர் எமக்கெனத் தந்த சிலுவையை இப்படி மின்சாரம் பாய்ச்சித் தட்டிக்கழிக்கலாமா? ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்வதல்லவா கிறிஸ்தவனுக்கு அழகு? கல்வாரியிலே வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை ஆண்டவர் ஏற்கவில்லையே?

அவர் ஏற்கவில்லை என்பது உண்மை. உலகத்தின் மீட்புக்காகத் தாமே விரும்பி ஏற்ற பாத்திரம் அது. ஆனால் தம்மிடம் வந்த நோயாளர் எவரிடமாவது, ‘உன் நோயை வைத்துக்கொள், அது உனக்கு நல்லது’ என்று அவர் சொன்னதாகச் சுவிசேஷத்தில் எங்கேயாவது வாசித்திருக்கிறோமா? அவரே கெத்சமனியில் அப்பாத்திரம் அகன்றுபோக வேண்டுமெனத் தந்தையை மன்றாடினார். புனித சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி ஒருமுறையல்ல, மூன்றுமுறை கேட்டார் (2 கொரி. 12:7-9). அருள் போதும் என்ற பதில் அவருக்குக் கிடைத்தது, கேட்ட பிறகு. கேட்டதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரமோ, வைத்தியனை மதிக்கவும் மருந்தைப் புறக்கணியாதிருக்கவும் வெளிப்படையாகவே கற்பிக்கிறது.

திருச்சபையின் போதனையிலும் ஐயத்துக்கு இடமில்லை. 1957 பெப்ரவரி 24ஆந் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்க மருந்து வைத்தியர்களின் கேள்விகளுக்கு விடையளித்தபோது, நோவை நீக்கும் மருந்துகளைப் பயன்படுத்துவது தகும் என்றும், நோவை நோவுக்காகவே விரும்பும் கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை என்றும் தெளிவுபடுத்தினார். ஒருவர் தாமாகவே முன்வந்து நோவைப் பொறுத்துக்கொண்டால் அது அவருடைய காணிக்கை. அந்தக் காணிக்கையைப் பக்கத்து வீட்டுக்காரர் அவர் தலையில் சுமத்த முடியாது. ஒப்புக்கொடுப்பது நல்ல செபம்; தன் நோவை ஒப்புக்கொடுப்பதே செபம், பிறருடைய நோவை நாம் ஒப்புக்கொடுத்துவிடுவதற்குப் பெயர் வேறு.

இனி வீட்டுக்கு வருவோம். அலுவல் அங்கேதான் இருக்கிறது.

சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாட்களில் முதுகிலும் பெட்டி வைத்த இடத்திலும் புதிய காயங்கள் நோகும். பழைய நோவு தணிந்திருந்தாலும் இந்தப் புதிய நோவு அதை மறைத்துவிடும். ‘இவ்வளவு பாடுபட்டும் பிரயோசனமில்லை’ என்று நோயாளி கண்ணீர் விடும் நாட்கள் இவை. காயம் ஆறியபின், வைத்தியசாலைக்குப் பலமுறை சென்று, கருவியின் துடிப்பை அவரவர் உடலுக்கு ஏற்பச் சீர்செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே தீர்ப்புச் சொல்லவேண்டாம். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சீழ் வடிதல் கண்டால் மட்டும் ஒரு நாளும் தாமதியாமல் வைத்தியரிடம் அறிவிக்க வேண்டும்.

அதைவிடக் கடினமானது, ஆறு முதல் எட்டு வாரம் வரை நீடிக்கும் ஒரு விரதம். குனியக்கூடாது. உடலை முறுக்கித் திரும்பக்கூடாது. கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தி எட்டி எடுக்கக்கூடாது. இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பாரத்தையும் தூக்கக்கூடாது. காரணம் எளிது: உள்ளே வைத்த கம்பியைச் சுற்றித் தசை வளர்ந்து பிடித்துக்கொள்ளும்வரை அது நகர்ந்துவிடலாம். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் துடிப்பு வேறிடத்துக்குப் போய்விடும். மறுபடியும் கத்தி வைக்க நேரிடலாம்.

எமது தாய்மாருக்கு இது எத்தகைய விரதம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு வாளி தண்ணீர் பத்துக் கிலோவுக்குக் குறையாது. குனியாமல் முற்றம் கூட்டுவது எப்படி? எட்டாமல் குசினித் தட்டிலிருந்து போத்தல் எடுப்பது எப்படி? பேரப்பிள்ளை கை நீட்டி ஓடிவரும்போது தூக்காமல் நிற்பது எப்படி? இத்தனை வருடமும் நோவோடேயே எல்லாவற்றையும் செய்தவர், நோவு சற்றுத் தணிந்த இந்த நேரத்திலா சும்மா இருப்பார்? ஆபத்து அங்கேதான். சுகம் கண்ட மகிழ்ச்சியிலேயே கம்பியை நகர்த்திக்கொள்வார்.

இராயப்பரின் மாமியார் காய்ச்சல் நீங்கியதும் எழுந்து பணிவிடை செய்தார் என்று வாசிக்கிறோம் (மாற்கு 1:29-31). அது ஆண்டவரின் புதுமை. அதை வைத்துக்கொண்டு, வைத்தியசாலையிலிருந்து வந்த மறுநாளே அம்மாவைக் குசினியில் எதிர்பார்க்கும் கணவனுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சுவிசேஷத்தில் ஆதாரம் கிடையாது. அந்த ஆறு வாரமும் வாளி யாருடைய கையில் இருக்கும் என்பதை அவர் வைத்தியசாலைக்குப் போகுமுன்னரே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் விளக்குமாறு பிடிக்கும் கைகளை ஆண்டவர் கொடுத்திருக்கிறார்.

நோயாளிக்கும் ஒரு வார்த்தை. பிறர் எனக்காகச் சுமப்பதா என்று கூச்சப்படுகிறீர்கள். சீரேன் ஊர்ச் சீமோனின் தோளில் சிலுவை ஏற்றப்பட்டபோது, அதை நானே சுமப்பேன் என்று ஆண்டவர் பிடித்து இழுக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத நோவுக்கு இன்னொரு வேதனையும் உண்டு: அதை நம்புவார் இல்லை. கால் முறிந்தவனுக்கு எல்லோரும் கதிரை கொடுப்பார்கள். நரம்பு நோவுள்ளவரைப் பார்த்து, ‘ஆள் நல்லாய்த்தானே இருக்கிறார்’ என்பார்கள். யோபுவின் நண்பர்கள் வந்து ஏழு நாட்கள் அவரருகே மண்ணில் பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ் உலகத்தையே சிரிக்கவைத்தவர். 1965இல் மேடையில் விழுந்து முதுகில் ஏற்பட்ட காயம் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. நோவு மாத்திரைக்கு அடிமையாகிப்போனதை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். 2002இல்தான் அவருக்கு இந்தக் கருவி பொருத்தப்பட்டது. நோவு பெரிதும் தணிந்தது என்று சொல்லி, அதன்பின் நோவாளிகள் மத்தியில் அதைப்பற்றிப் பேசியும் வந்தார். 2017இல் தமது 91ஆம் வயதில் காலமானார். முப்பத்தேழு ஆண்டுகள்! மேடைக்கு முன்னாலிருந்து சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிலருக்குப் பரீட்சையிலேயே பயன் தெரியாது. சிலருக்குச் சில வருடங்களில் பயன் குறைந்து போகும். மின்கலமும் என்றோ ஒருநாள் ஓய்ந்துபோகும். அப்போது மாற்ற வேண்டும். அத்தகையவரிடம் போய், ‘இன்னும் உருக்கமாய்ச் செபித்திருக்கலாமே’ என்று சொல்லத் துணியாதிருங்கள். சின்னப்பரைவிட உருக்கமாய்ச் செபித்தவர் யார்? அவருடைய முள் எடுக்கப்படவில்லையே. 1981இல் சுடப்பட்டு வைத்தியசாலையில் கிடந்து எழும்பிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், 1984 பெப்ரவரி 11ஆந் திகதி துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப்பற்றி எழுதிய திருமடலிலே, துன்பத்தால் நன்மை செய்யவும் துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் ஆண்டவர் கற்பித்தார் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். முதலாவது நோயாளிக்கு உரியது. இரண்டாவது எங்களுக்கு. நாங்களோ முதலாவதைப் போதிப்பதில்தான் கெட்டிக்காரர்.

கருவி பொருத்தியவர்கள் மடுத் திருவிழாவுக்கென்று பிறநாடுகளிலிருந்து வருவதாயின், விமான நிலையச் சோதனையில் காட்டுவதற்கு வைத்தியசாலை கொடுத்த அட்டையைக் கையோடு கொண்டுவரவேண்டும். இங்கே எந்த வைத்தியரிடம் சென்றாலும், எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதற்கு முன்னரும், மின் அலையால் உடலின் உட்பகுதியைச் சூடாக்கும் சிகிச்சைக்கு முன்னரும் கருவியைப்பற்றித் தவறாமல் சொல்லவேண்டும். பின்னைய சிகிச்சை அவர்களுக்கு ஆகவே ஆகாது.

சத்திரசிகிச்சைக்கு முன் பங்குக்குருவை அழைக்கப் பலர் இன்னும் அஞ்சுகிறார்கள். குருவானவர் எண்ணெயோடு வந்தால் ஆள் முடிந்தது என்ற பயம், ‘அவஸ்தைபூசுதல்’ என்ற பழைய பெயரோடு வந்தது. 1972இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இத்திருவருட்சாதனத்தின் சடங்கைப் புதுப்பித்தார். கடும் நோய் காரணமாகச் சத்திரசிகிச்சைக்குச் செல்பவருக்கு, போவதற்கு முன்னரே நோயிற்பூசுதலைக் கொடுக்கலாம். சாவதற்கு ஆயத்தமாக மட்டுமல்ல, எழும்புவதற்கான பலத்துக்காகவும் அது கொடுக்கப்படுகிறது.

கோவிலுக்கு வர இயலாத அந்த வாரங்களில் ஞாயிறு பூசைக்கடன் நோயாளியைக் கட்டாது. பங்குக்குருவுக்கு ஒரு சொல் அனுப்பிவிடுங்கள்; நற்கருணை வீட்டுக்கு வரும். ஒரு மணிநேர உபவாசமும் நோயாளிக்கு இல்லை, அவரைப் பராமரிப்போருக்கும் இல்லை என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஆகவே விடியற்காலை எழுந்து தேநீர் வைத்துக் கொடுத்த மகளும் தாயோடு சேர்ந்து நற்கருணை வாங்கலாம். மேசையில் ஒரு வெள்ளைத் துணியும் ஒரு மெழுகுதிரியும் போதும். நோயாளி சாய்மானமுள்ள கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே வாங்கட்டும். குருவானவர் உள்ளே வரும்போது பழக்கத்தால் முழந்தாளிட எழும்புவார். தோளைத் தொட்டு இருத்திவிடுங்கள்.