நிற்க ஓர் இடம்

"மேம், மெட்ராஸ்ல போட்டோ எடுக்க நல்ல எடம் எது?" என்று முதலாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். புதிதாக வாங்கியிருந்த கைப்பேசியில் நல்ல கேமரா. நானும் உற்சாகமாக இடங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயரோடும் ஒரு நிபந்தனை தானாக வந்து விழுந்துகொண்டிருந்தது. நேப்பியர் பாலத்துக்குப் போ, இருட்டுமுன் திரும்பிவிடு. அடையாறு முகத்துவாரத்தில் அந்த உடைந்த பாலம் அழகாக இருக்கும், தனியாகப் போகாதே. பரங்கிமலைப் படிகளில் நின்றால் ஊரே தெரியும், ஞாயிற்றுக்கிழமையில் போ, கூட்டம் இருக்கும். இதையே அவளுடைய அண்ணன் கேட்டிருந்தால் இடங்களை மட்டும் சொல்லியிருப்பேன்.

புகைப்படக்காரர்கள் நல்ல இடத்தைச் சொல்லும்போது நேரத்தையும் சேர்த்தே சொல்வார்கள். சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும் விழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும். அப்போதுதான் வெளிச்சம் சாய்வாக விழும், நிழல் நீளும், முகம் மென்மையாகும். சென்னைக் கடற்கரை கிழக்கு பார்த்தது என்பதால் இங்கே காலைதான் விசேஷம். அந்தக் காலை ஆறு மணி எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குச் சும்மா கிடைக்கிறது? பால், குக்கர், டிபன் பாக்ஸ், தண்ணீர் லாரி. முப்பத்தாறு வயதில் பழைய கேமரா ஒன்றை வாங்கிய நான், முதல் இரண்டு வருடங்கள் எடுத்த படங்கள் அத்தனையும் நண்பகல் படங்கள். எல்லோர் கண்ணுக்குக் கீழும் கறுப்பு நிழல். எனக்கு ஒளி பற்றிய அறிவு போதவில்லை என்று நினைத்துப் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். பற்றாமல் இருந்தது அறிவல்ல, காலை ஆறு மணி.

நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் நிற்க வேண்டுமே. படம் எடுப்பது பெரும்பாலும் நிற்பதுதான். வெளிச்சம் மாறுவதற்காக, ஒரு பேருந்து விலகுவதற்காக, ஒரு குழந்தை திரும்பிப் பார்ப்பதற்காக ஒரே இடத்தில் அரைமணி நேரம் நிற்க வேண்டும். நம் ஊரில் பெண் நடக்கலாம், வேகமாக நடந்தால் இன்னும் நல்லது, நிற்கக் கூடாது. மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. பொதுவெளியில் இருக்கும் பெண் எதற்காக இருக்கிறாள் என்பதை ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சும்மா இருப்பதற்கும் அவளுக்கு உரிமை உண்டு என்பது அவர்களுடைய வாதம். அதைப் படித்தபோதுதான் என் கழுத்தில் தொங்கிய கேமரா என்ன வேலை செய்கிறது என்பது புரிந்தது. அது என் காரணம். அது இருந்தால் நான் சும்மா நிற்பவளில்லை, ஏதோ பத்திரிகைக்காரி. காசு கொடுத்தும் காரணம் வாங்கலாம். மெரினா கலங்கரை விளக்கம் 2013-இல் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது நான் அடிக்கடி போனேன். டிக்கெட், கேமராவுக்குத் தனிக் கட்டணம், லிப்ட், காவலாளி. மேலே எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் காலை வெளிச்சமெல்லாம் போன பிறகுதான் கதவைத் திறப்பார்கள்.

இதுவரை எழுதியதை மேடையில் பலமுறை பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன். நிற்கும் உரிமை கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதைப் பேசியதில்லை.

காசிமேடு. விசைப்படகுகள் விடியுமுன்னே வந்துவிடும். ஏலக் குரல்கள், ஐஸ் பெட்டிகள், ஈரத் தரையில் பிரதிபலிக்கும் விளக்குகள். படம் எடுப்பவர்களுக்கு அது சொர்க்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்க வருபவர்களுக்கு நடுவே கேமராக்காரர்களும் கூட்டமாக நிற்பார்கள். எனக்கும் அங்கே பயமில்லை. ஏனென்று பின்னால்தான் யோசித்தேன். கூடையோடும் அரிவாள்மனையோடும் அத்தனை பெண்கள் அங்கே இருந்ததால்தான் எனக்கு அது பாதுகாப்பான இடமாக இருந்தது. அவர்கள் உண்டாக்கி வைத்திருந்த இடத்தில்தான் நான் போய் நின்றேன்.

வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். பக்கவாட்டிலிருந்து சூரியன், காற்றில் தெறிக்கும் செதில்கள். "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எத்துக்கோம்மா, இன்னா இப்போ" என்றார். கேட்டுவிட்டோம், சம்மதம் வாங்கிவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். அந்தப் படம் எங்கள் துறை ஆண்டுமலரின் அட்டையில் வந்தது. கீழே 'உழைப்பின் அழகு' என்று நானே எழுதினேன். மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலையில் நான்கு பேரும் ஆண்கள்தான் என்று வகுப்பில் கேலி செய்பவள் நான். அதற்குப் பதில் சொல்லிவிட்டதாக மனதுக்குள் ஒரு பெருமிதம் வேறு.

மலர் வெளிவந்து நான்காவது நாள், இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் காத்திருந்தாள். எப்போதும் கடைசி வரிசையில் உட்காருபவள். "மேம், அட்டையில இருக்கறது எங்கம்மா."

நான் மகிழ்ந்துபோனேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அம்மா என்ன செய்கிறார் என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒருமுறை அவள் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி மூக்கைச் சுளித்து ஏதோ கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறாள். இப்போது அம்மாவின் முகம் கல்லூரி முழுக்க, எல்லோர் பையிலும். "அம்மாவுக்குப் புடிச்சிருக்கு மேம். நாந்தான்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

சொல்வதற்கு என்னிடம் வாக்கியங்கள் தயாராக இருந்தன. எந்த வேலையும் இழிவில்லை, வெட்கப்பட வேண்டியது மூக்கைச் சுளித்தவள்தான் என்று. எல்லாம் சரியான வாக்கியங்கள். ஆனால் மூக்கைச் சுளித்தவளோடு நாளைக்கும் ஒரே பெஞ்சில் உட்காரப் போவது நானில்லை. தன் பின்னணியை எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் வெளியிடுவது என்பது அவளுக்கு மட்டுமே உரிய முடிவு. அதை நான் முந்நூறு பிரதிகளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். அம்மா சம்மதித்தது உண்மை. ஆனால் எதற்குச் சம்மதித்தார்? கையில் கத்தியோடு, பின்னால் வாடிக்கையாளர் வரிசையோடு, ஓர் அரை நொடியில். அட்டை என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது. கேட்டுவிட்டேன் என்பது என் மனச்சாட்சிக்கு நான் வாங்கிக்கொண்ட ரசீது.

டொரோதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர் தாய்' படத்தைப் பெண் பார்வைக்கு உதாரணமாக நானே வகுப்பில் காட்டியிருக்கிறேன். படத்திலிருக்கும் பெண்ணிடம் லாங் பெயரைக் கேட்கவில்லை. அவர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும் அதனால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். எடுத்தவளும் பெண்தான், ஏழைகள் மேல் அக்கறை கொண்டவள்தான். அந்தப் படத்தால் முகாமுக்கு உணவு வந்ததும் உண்மை. பெண் எடுத்தால் பார்வை மாறிவிடும் என்று நாம் எழுதுகிறோம். கொஞ்சம் மாறும். ஆனால் ஒருத்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், மற்றவள் மீன் தீரும்வரை அங்கேயே உட்கார வேண்டும் என்பது மாறுவதில்லை.

பிறகு மாணவிகள் சிலர் கண்ணகி நகர் போகலாம் என்றார்கள். 2020-இல் அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். படம் எடுக்க அருமையான இடம் என்று பேர். நகரின் நடுவே கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் வாழ்ந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த ஊர் அது. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை தூரமாகிப் போனது, பேருந்துக்கே சம்பளம் கரைந்தது. நகரம் அழகாக வேண்டும் என்பதற்காகவும் வெளியேற்றப்பட்டவர்களின் சுவர் இப்போது நகரின் அழகான இடம். அந்த ஓவியங்களை விரும்பும் குடியிருப்புப் பெண்களும் உண்டு, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாகக் காசிமேட்டுக்கு, படத்தின் பெரிய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். இந்தமுறை பெயரைக் கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிறைய நேரம் பார்த்தார். மகள் வருத்தப்பட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. "அது கெடக்குது, சின்னப் புள்ள" என்றார். பிறகு, "இத்து நல்லாத்தான் கீது. ஆனா இன்னாம்மா, எத்ததுதான் எத்த, வேல செய்யசொல்ல எத்துட்ட. பொடவையெல்லாம் ரத்தம். நல்ல பொடவ கட்டிக்கினு ஒண்ணு எடுக்கணும்."

எங்கே எடுக்கலாம் என்று கேட்டேன். பீச், கோயில் குளம், கலங்கரை விளக்கம் என்று நானே இடங்களை அடுக்கினேன்.

"அங்கெல்லாம் எதுக்கு? அது காலேஜ் கேட்டாண்ட. அதும் பேர் போட்ட போர்டு தெரியற மாதிரி, நானும் அதுவும் நிக்கற மாதிரி ஒண்ணு."

மகளிடம் சொன்னேன். "பாக்கலாம் மேம்" என்றாள். அது ஆகஸ்டில். இப்போது அவள் மூன்றாமாண்டு. ஏப்ரலோடு படிப்பு முடிகிறது. நான் மறுபடி கேட்கவில்லை.