இன்சுலினும் ரமலான் நோன்பும்

ஊசி போட்டால் நோன்பு முறிந்துவிடுமா? இன்சுலின் எடுக்கத் தொடங்கும் முஸ்லிம்களிடம் ரமலான் நெருங்கும்போது எழும் கேள்வி இது. வைகறை முதல் சூரியன் மறையும்வரை உண்ணாமலும் பருகாமலும் தாம்பத்திய உறவு கொள்ளாமலும் இருப்பதே நோன்பு. தோலுக்கடியில் போடும் இன்சுலின் உணவுமல்ல, உணவுக்கு ஈடான சத்துமல்ல. எனவே அது நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஊட்டச்சத்து ஏற்றும் ஊசிகளைத் தவிர மற்றவையும், பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் நோன்பை முறிப்பதில்லை என்று தீர்மானித்தது. விரலில் குத்தினால் நோன்பு போய்விடும் என்று அஞ்சி, பகல் முழுதும் சர்க்கரை பார்க்காமலே இருப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது, ஆபத்தானதும்கூட.

மார்க்கம் தடுத்த பன்றியிலிருந்து வந்த மருந்தோ என்ற தயக்கம் இன்று ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. 1922 முதல் அறுபது ஆண்டுகள் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே வந்தது. 1982இல் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது.

உடல் இடம்கொடுக்காதபோதும் நோன்பு வைப்பது பக்தியா என்பதே கடினமான கேள்வி. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கும் வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை வந்துவிடுகிறது. விட்ட நோன்பை வேறு நாட்களில் நோற்று ஈடுசெய்ய வேண்டும், இதுவே களா. அதற்கும் வழியில்லாத நிரந்தர நோயாளி, நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும், இதுவே ஃபித்யா. சலுகை என்பது பின்னால் யாரோ சேர்த்த தளர்வல்ல, கட்டளையோடு பிறந்தது. இறைவன் தந்த சலுகைகளை ஏற்பது அவனுக்கு உவப்பானது என்ற கருத்தில் இப்னு உமர் அறிவிக்கும் நபிமொழியும் உண்டு.

இருந்தும் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. 2001இல் 13 நாடுகளில் நடந்த எபிடியார் ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் 43 விழுக்காட்டினரும் இரண்டாம் வகையினரில் 79 விழுக்காட்டினரும் குறைந்தது 15 நோன்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்குப் போகுமளவு சர்க்கரை இறங்குவது முதல் வகையினரிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கும், இரண்டாம் வகையினரிடம் ஏழு மடங்குக்கு மேலும் கூடியது. வீடே வைகறைக்கு முந்தைய ஸஹர் உணவுக்கு எழும்போது தான் மட்டும் படுத்திருப்பதும், நோன்பில்லாமல் நோன்புக் கஞ்சியைக் கையில் வாங்குவதும் யாருக்கும் எளிதல்ல. அந்த வேதனை மதிக்கத்தக்கது. ஆனால் உடலும் இறைவன் ஒப்படைத்த அமானிதமே. அதை அழிவில் தள்ளி நிறைவேற்றும் வணக்கத்தை அவன் கேட்கவில்லை. ஃபித்யா கொடுப்பவர் வணக்கத்திலிருந்து விலகியவரல்லர். அவருக்கு விதிக்கப்பட்ட வணக்கமே அது.

மருத்துவரின் ஒப்புதலோடு நோன்பு வைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. சாப்பிடாத நாளில் இன்சுலின் எதற்கு என்று ஊசியை நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். பட்டினியிலும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேயிருக்கும். முதல் வகையினர் இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன்கள் பெருகி இரத்தம் அமிலமாகிவிடும். மாற வேண்டியவை அளவும் நேரமுமே. நாளுக்கு இருவேளை கலப்பு இன்சுலின் போடுபவருக்குப் பொதுவாகக் காலை அளவு நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாறும். மாலை அளவு பாதியாகக் குறைந்து ஸஹருக்குப் போகும். அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ, நோன்பு திறக்கும் மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும். நோயின் காரணமாக இப்படி விட்ட நோன்புக்குப் பரிகாரமாக அறுபது நாள் நோற்கும் கஃப்பாரா கிடையாது, களா மட்டுமே.

அண்மையில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் ஆகியோரை நோன்பு வைக்க வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். மற்றவர்கள் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.