செய்தலும் செய்வித்தலும் உடன்படலும்

கொல்லாமை அறத்தைப் போற்றுவதில் தமிழ்ச் சமண இல்லங்கள் எவர்க்கும் பிற்பட்டவை அல்ல. நீரை வடிகட்டிப் பருகுகிறோம், கதிரவன் மறையுமுன் உண்கிறோம், புலால் நாடுவதில்லை. அத்தகைய இல்லம் ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி இரவு பகலாக இயங்குகிறது. அதனுள் பாலும் காய்கனிகளுமே உள்ளன. ஆயினும் அப்பெட்டியின் இயக்கத்தில் உயிர்க்கேடு உண்டா என்று ஒருவர் கேட்பின், நாம் என்ன விடை கூறுவோம்?

விடை தேடிப் பழவேற்காட்டிற்குச் செல்லலாம். தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் இவ்வேரி, சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன. இதற்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயால் இணைக்கப்பட்ட எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி, 1990களில் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையமும் பின்னர் வந்த வல்லூர் நிலையமும் நிற்கின்றன. நிலக்கரியால் ஆக்கப்படும் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. வெந்நீரும் சாம்பல் கலந்த நீரும் சேர்வதால் மீனும் இறாலும் குன்றின என்பது அப்பகுதி மீனவர் பல்லாண்டுகளாகக் கூறிவரும் முறையீடு. கொசஸ்தலையாற்றில் சாம்பல் கலந்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கடல் மட்டம் உயருங்கால் முதலில் துன்புறுவதும் இத்தகைய தாழ்ந்த கரைகளே.

மீன் பிடித்தல் நம் நெறி ஏற்கும் தொழிலன்று. ஆனால், வலை வீசுவோன் கை கண்ணுக்குப் புலனாகிறது. சுவிட்சை அழுத்தும் நம் கை புலனாவதில்லை. ஆன்றோர் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாகப் பகுத்தனர். இன்று உலக நிறுவனங்கள் தம் கரிக்கணக்கையும் மூன்றாகவே பகுக்கின்றன: தாமே எரிப்பது ஒன்று, தாம் வாங்கும் மின்சாரத்திற்காகப் பிறர் எரிப்பது மற்றொன்று, பொருளை ஆக்குவோரும் வாங்கிப் பயன்படுத்துவோரும் எரிப்பது மூன்றாவது. மின்னணுப் பொருள் விற்கும் கடைக்கு இம்மூன்றாவதே மிகப் பெரிது. கடையின் விளக்குகளை அணைத்தாலும், விற்ற பெட்டிகள் ஆயிரம் இல்லங்களில் எரித்துக்கொண்டே இருக்கும்.

“நாம் அறியாமல் நிகழ்வது எங்ஙனம் நம் வினையாகும்?” எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அசட்டையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. எனவே அறியாதவனுக்கும், அறிந்தும் பொருட்படுத்தாதவனுக்கும் வேறுபாடு உண்டு. நம் பாட்டனார் அறியார், நாம் அறிவோம். அறிந்த பின்னர் நம் அசட்டைக்குப் பிரமாதம் என்றே பெயர். பயனின்றி நிலத்தை அகழ்வதையும், நீரைச் சிந்துவதையும், தீயை மூட்டுவதையும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் அநர்த்த தண்டத்துள் அடக்கினார். ஆளில்லா அறையில் சுழலும் மின்விசிறியும் அதனுள் அடங்காதோ?

அமெரிக்காவின் பெரிய மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனமாகிய பெஸ்ட் பை, 2040க்குள் தன் கரிக்கணக்கைச் சமன் செய்வதாக 2020இல் உறுதி பூண்டது. நம் நாடு 2070ஐ எல்லையாக 2021இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. இவற்றை இகழ வேண்டுவதில்லை. படிப்படியாக ஏறுவதை நம் நெறியும் அறியும். ஆனால் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். வாழ்நாள் முழுதும் காப்பது யமம். குறித்த காலம் காப்பது நியமம். இரண்டுமே ஏற்ற நாளிலிருந்தே தொடங்குவன. இருபது ஆண்டு கழித்துத் தொடங்குவேன் என்பது விரதமன்று, விருப்பமே. ஆண்டுதோறும் குறைத்து வந்தால்தான் அவ்வுறுதி விரதத்தின் தன்மை பெறும். மேலும், வேறெங்கோ மரம் நட்டவருக்குப் பொருள் கொடுத்துத் தம் கணக்கை நேர்செய்வோரும் உளர். பிறர் நோற்ற உண்ணாநோன்பை விலைக்கு வாங்கி நம் வினையைக் கழித்துக்கொள்ள இயலுமோ?

பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்கள் முறை வைத்துப் பகிரப்படும். முறையில்லாத நாளில் அவ்விடத்தில் வலை விரித்தல் கூடாது. உயிர்க்கொலையைத் தொழிலாகக் கொண்டோரே தமக்கு எல்லை வகுத்திருக்க, கொல்லாமையை அறமாகக் கொண்ட நாம் எல்லையின்றி நுகர்வது முறையாகுமா?

போகோபபோக பரிமாணம் என்னும் விரதம் நமக்குப் புதிதன்று. உண்பனவற்றிற்கும் உடுப்பனவற்றிற்கும் அளவு வகுத்ததுபோல் மின்சாரத்திற்கும் ஓர் அளவு வகுத்துக்கொள்வோம். பழுதைச் சீர்செய்து பயன்படுத்துவோம். பக்கத்து வீட்டில் உள்ளதென்பதற்காகப் புதியது வாங்காதிருப்போம். வணிகராயின், வாடிக்கையாளரிடம் மின்சாரம் குறைவாகக் கொள்ளும் பொருளையே முதலில் காட்டுவோம். அதில் ஆதாயம் சிறிது குறையினும் குறையட்டும். அடுத்த மின்கட்டணச் சீட்டு வரும்போது தொகையை மட்டும் நோக்காது, யூனிட்டையும் நோக்கிக் குறித்து வைப்போம். அதுவே அம்மாதத்தின் பிரதிக்கிரமணமாகட்டும்.